கூஃபுவின் பிரமிடில் காணப்பட்ட வெற்றிடங்கள் எதைக் குறிக்கின்றன?

எகிப்தின் கிசா மேட்டுநிலத்தில் நிற்கும் பிரமிடுகளைப் பற்றி அண்மைக் காலத்தில் மூன்று செய்திகள் உலகெங்கும் பரவின. 2017 நவம்பரில், மன்னர் கூஃபுவின் பெரிய பிரமிடுக்குள் குறைந்தது 30 மீட்டர் நீளமுள்ள வெற்றிடம் ஒன்று இருப்பதாக ‘ஸ்கேன்பிரமிட்ஸ்’ ஆய்வுக் குழு ‘நேச்சர்’ இதழில் அறிவித்தது. 2023 மார்ச்சில், அதே பிரமிடின் வடக்கு முகத்தில், மூல வாயிலுக்கு மேலே 9 மீட்டர் நீளமுள்ள ஒரு நடைவழி இருப்பது உறுதிசெய்யப்பட்டு அதன் உட்புறப் படமும் வெளியானது. 2025 மார்ச்சில், பக்கத்தில் உள்ள, கூஃபுவின் மகன் காஃப்ரேவின் பிரமிடுக்கு அடியில் 600 மீட்டருக்கும் மேல் ஆழம் செல்லும் உருளை வடிவக் கட்டுமானங்கள் இருப்பதாக இத்தாலியில் ஒரு கூற்று முன்வைக்கப்பட்டது.

மூன்றுக்கும் ஊடகங்கள் ஒரே தலைப்பைத்தான் வைத்தன: ரகசிய அறை. ஆனால் முதலாவது, கருவிகளால் அளக்கப்பட்டு, பொருள் இன்னும் விளங்காத ஒரு தரவு. இரண்டாவது, கண்ணால் பார்க்கப்பட்ட உண்மை. மூன்றாவது, சான்று இல்லாத கூற்று. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள, பிரமிடு என்னும் கட்டடம் எப்படி அமைக்கப்பட்டது, அதன் உள்ளிருக்கும் ஒவ்வொரு வெற்றிடமும் எந்த வேலையைச் செய்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

நதிக்கரையில் தொடங்கும் கட்டடம்

பிரமிடைத் தனித்து நிற்கும் ஒரு கல்மலையாகவே நாம் படங்களில் பார்க்கிறோம். எகிப்தின் நான்காம் வம்சத்தவர் (ஏறத்தாழ கி.மு. 2600 முதல் 2500 வரை) கட்டியதோ ஒரு தொகுதி. அது நைல் நதியின் வெள்ளச் சமவெளியில் தொடங்கி, மேற்கே பாலைநிலத்தின் விளிம்பில் முடிகிறது. அதன் உறுப்புகள் கிழக்கிலிருந்து மேற்காக இவ்வாறு வரும்:

1. நதியோடு கால்வாயால் இணைந்த துறை. கற்களும் ஆட்களும் உணவும் வந்திறங்கிய இடம் இதுவே.
2. துறையை ஒட்டிய பள்ளத்தாக்குக் கோயில். தொகுதியின் முறையான வாயில்.
3. அங்கிருந்து மேட்டுக்கு ஏறும் நெடும்பாதை. பிற்காலத் தொகுதிகளில் இது சுவரும் கூரையும் கொண்ட நீண்ட மண்டபம் போலவே அமைந்தது.
4. பிரமிடின் கிழக்கு முகத்தை ஒட்டிய ஈமக் கோயில். இறந்த மன்னருக்கான அன்றாடப் படையல் நடந்த இடம்.
5. பிரமிடு, அதனைச் சூழ்ந்த மதில், சிறிய துணைப் பிரமிடு, அரசியரின் பிரமிடுகள், படகுக் குழிகள், உறவினரும் அதிகாரிகளும் புதைக்கப்பட்ட ‘மஸ்தபா’ எனப்படும் தட்டைக் கூரைக் கல்லறைகளின் வரிசைகள்.

இவற்றுள் கூஃபுவின் பள்ளத்தாக்குக் கோயில் இன்று நஸ்லத் அல்-சம்மான் குடியிருப்பின் அடியில் கிடக்கிறது. கழிவுநீர்க் குழாய் பதிக்கும் பணியின்போதுதான் அதன் பசால்ட் கல் தளத்தின் ஒரு பகுதி தென்பட்டது. ஈமக் கோயிலில் எஞ்சியிருப்பதும் பெரும்பாலும் கரிய பசால்ட் தளம் மட்டுமே. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் எகிப்துக்குச் சென்ற கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், நெடும்பாதையை அமைக்கவே பத்து ஆண்டுகள் ஆயின என்றும், சிற்பங்கள் செதுக்கப்பட்ட அந்த வேலை பிரமிடைவிடப் பெரிதும் குறைந்ததன்று என்றும் எழுதினார். ஆண்டுக் கணக்கில் அவரை நம்ப வேண்டியதில்லை. ஆனால் பிரமிடுக்கு நிகராக அந்தப் பாதையை அவர் மதித்தார் என்பது கவனிக்கத் தக்கது.

இந்த உறுப்புகள் முழுமையாக எப்படி இருந்திருக்கும் என்பதற்குக் காஃப்ரேவின் பள்ளத்தாக்குக் கோயிலே சிறந்த சான்று. ஸ்பிங்க்ஸ் சிலைக்குப் பக்கத்தில் அது இன்றும் நிற்கிறது. உள்ளே ஆங்கில ‘டி’ எழுத்தின் வடிவில் ஒரு மண்டபம். ஒவ்வொன்றும் ஒரே கல்லாலான 16 செந்நிறக் கிரானைட் தூண்கள். சுவரோரத்தில் மன்னரின் சிலைகளை நிறுத்துவதற்கான 23 பீடக் குழிகள். 1860-இல் பிரெஞ்சுத் தொல்லியலாளர் ஒகுஸ்ட் மரியேத் இக்கோயிலில் தோண்டியபோதுதான், பருந்து வடிவக் கடவுள் ஹோரஸ் தன் சிறகுகளால் தலையை அணைத்திருக்க அமர்ந்துள்ள காஃப்ரேவின் புகழ்பெற்ற சிலை கிடைத்தது. செதுக்கல் அலங்காரம் ஏதுமின்றி, கல்லின் கனத்தாலும் மெருகாலும் மட்டுமே மதிப்பைத் தோற்றுவிக்கும் இந்த மண்டபத்தைப் பார்த்த பிறகு, பிரமிடின் உள்ளறைகள் ஏன் அவ்வளவு வெறுமையாக இருக்கின்றன என்னும் கேள்வி பாதி விடைபெற்றுவிடுகிறது. நான்காம் வம்சத்தின் அழகுணர்வு அது.

கூஃபுவுக்கு முன் நடந்த சோதனைகள்

முதல் பிரமிடு சக்காராவில் மன்னர் ஜோசருக்காக எழுந்தது; ஆறு படிகளும் ஏறத்தாழ 62 மீட்டர் உயரமும் கொண்டது; அதனை வடிவமைத்தவர் இம்ஹோட்டெப் என்று எகிப்திய மரபு கூறுகிறது. அதில் மன்னரின் அறை தரைக்கு அடியில் பாறையில் வெட்டப்பட்டது. ஆகவே மேலேயுள்ள கல்லின் எடை அறைக் கூரையின் மேல் நேரடியாக இறங்குவது அங்கே முதன்மையான சிக்கல் அன்று.

கூஃபுவின் தந்தை ஸ்னெஃபெருவின் காலத்தில் நிலைமை மாறியது. மைதூமிலும் தஹ்ஷூரிலும் அவர் எழுப்பிய பிரமிடுகளில் அறைகள் படிப்படியாகக் கட்டடத்தின் உடலுக்குள் ஏறின. தஹ்ஷூரின் ‘வளைந்த பிரமிடு’ ஏறத்தாழ 54 பாகைச் சரிவில் தொடங்கி, பாதி உயரத்தில் 43 பாகையாகக் குறைக்கப்பட்டது. கட்டிக்கொண்டிருக்கும்போதே விரிசலும் அமிழ்வும் தென்பட்டதால் எடையைக் குறைக்க எடுத்த முடிவு இது என்பது பரவலான கருத்து. அதற்கடுத்த ‘செம்பிரமிடு’ தொடக்கத்திலிருந்தே தாழ்ந்த சரிவோடு கட்டப்பட்டது. ஏறத்தாழ 15 மீட்டர் வரை உயர்ந்த அதன் அறைகள் இன்றும் சிதையாமல் நிற்கின்றன. பெரிய கல்நிறையின் நடுவே வெற்றிடம் ஒன்றைத் தாங்கவைப்பது எப்படி என்பதை எகிப்தியர் கற்றுக்கொண்டது இங்கேதான். இந்த அனுபவத்தின் மேல்தான் கூஃபுவின் கட்டடம் நிற்கிறது.

கணக்கும் கல்லும்

எகிப்தியர் பயன்படுத்திய அரச முழம் ஏறத்தாழ 52.4 சென்டிமீட்டர். ஒரு முழத்துக்கு 7 உள்ளங்கையகலம். ஓர் உள்ளங்கையகலத்துக்கு 4 விரல். கூஃபு பிரமிடின் அடிப்பக்கம் 440 முழம், உயரம் 280 முழம். அதாவது ஏறத்தாழ 230 மீட்டரும் 146.6 மீட்டரும். சரிவை அவர்கள் பாகையால் அளக்கவில்லை. ஒரு முழம் மேலே ஏறும்போது முகம் எவ்வளவு உள்வாங்குகிறது என்று அளந்தார்கள். அதற்கு ‘செகெத்’ என்று பெயர். இங்கே அது ஐந்தரை உள்ளங்கையகலம். பாதி அடிப்பக்கமான 220-ஐ உயரமான 280-ஆல் வகுத்தாலும், ஐந்தரையை ஏழால் வகுத்தாலும் ஒரே விடைதான் வருகிறது. பிரமிடின் அளவுகளில் மறைபொருள் எண்களைத் தேடுவோர், கொத்தனார் கையிலிருந்த இந்த எளிய விகிதத்தைத் தாண்டிச் செல்ல வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை.

கற்கள் மூன்று இடங்களிலிருந்து வந்தன. உட்பகுதியை நிரப்பிய சுண்ணாம்புக்கல் கிசா மேட்டிலேயே வெட்டப்பட்டது. வெளிமுகத்தைப் போர்த்திய வெண்ணிற நுண் சுண்ணாம்புக்கல் நைலின் எதிர்க்கரையில் உள்ள துராவிலிருந்து வந்தது. உள்ளறைக்கான கிரானைட், தெற்கே ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அஸ்வானிலிருந்து படகில் கொண்டுவரப்பட்டது. மொத்தக் கற்கள் ஏறத்தாழ 23 லட்சம் என்பது வழக்கமான மதிப்பீடு. வெளிப்போர்வையில் பெரும்பகுதி இடைக்காலத்தில் கெய்ரோவின் கட்டடங்களுக்காகப் பெயர்த்தெடுக்கப்பட்டதாலும் உச்சி இழந்ததாலும் இன்றைய உயரம் 138.5 மீட்டர் அளவுக்குக் குறைந்துவிட்டது.

துராவிலிருந்து கல் வந்த விதத்தை அந்த வேலையைச் செய்தவரே எழுதிவைத்திருக்கிறார். 2013-இல் செங்கடற் கரையில் உள்ள வாடி அல்-ஜர்ஃப் என்னும் இடத்தில் பியர் தலே தலைமையிலான குழு கண்டெடுத்த பாப்பிரஸ் ஏடுகளில், மெரெர் என்னும் மேற்பார்வையாளரின் நாட்குறிப்பு இருந்தது. ஏறத்தாழ 40 பேர் கொண்ட அவருடைய குழு, பத்து நாட்களில் இரண்டு மூன்று முறை துராவுக்கும் கிசாவுக்கும் இடையே கல் ஏற்றிப் போய் வந்ததை அது நாள்வாரியாகக் கூறுகிறது. கூஃபுவின் ஒன்றுவிட்ட சகோதரராகக் கருதப்படும் அங்க்ஹாஃப் துறையின் பொறுப்பாளராக அதில் இடம்பெறுகிறார். கூஃபு ஆட்சியின் இறுதிக் காலத்தைச் சேர்ந்த இந்த ஏடுகளே, எழுத்து உள்ளவையாக இதுவரை கிடைத்த பாப்பிரஸ்களில் மிகப் பழமையானவை. 2022-இல் வெளியான ஓர் ஆய்வு, நிலத்தைத் துளைத்து எடுத்த மண்ணில் இருந்த மகரந்தத் துகள்களைக் கொண்டு, நைலின் கிளை ஒன்று அக்காலத்தில் கிசாவுக்கு அருகே ஓடியதை உறுதிசெய்தது.

உள்ளே செல்லும் வழி

மூல வாயில் வடக்கு முகத்தில், தரையிலிருந்து ஏறத்தாழ 17 மீட்டர் உயரத்தில், நடுக்கோட்டிலிருந்து ஏழு மீட்டருக்குச் சற்று மேல் கிழக்கே விலகி அமைந்துள்ளது. சுற்றுலாப் பயணிகள் இன்று நுழைவது அதன் வழியாக அன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் கலீஃபா அல்-மஃமூன் குடைவித்ததாகச் சொல்லப்படும் சுரங்கத்தின் வழியாகவே.

மூல வாயிலிலிருந்து ஒரு குறுகிய வழி ஏறத்தாழ 26 பாகைச் சரிவில் கீழே இறங்குகிறது. அதன் நீளம் ஏறத்தாழ 105 மீட்டர். பெரும்பகுதி இயற்கைப் பாறையில் வெட்டப்பட்டது. அதன் முடிவில், தரைமட்டத்துக்கு 30 மீட்டர் கீழே, வேலை முடியாமல் விடப்பட்ட அறை ஒன்று உள்ளது. பாறையை அடுக்கடுக்காகப் பெயர்த்துக்கொண்டிருந்தவர்கள் பாதியிலேயே நிறுத்திய தடம் அங்கே அப்படியே இருக்கிறது.

இறங்குவழியின் கூரையிலிருந்து ஏறுவழி பிரிகிறது. அதன் அடிவாய் மூன்று கிரானைட் கட்டைகளால் அடைக்கப்பட்டுள்ளது. அல்-மஃமூனின் சுரங்கம் அந்த அடைப்பைச் சுற்றிக்கொண்டு செல்கிறது. ஏறத்தாழ 39 மீட்டர் ஏறியதும் வழி இரண்டாகப் பிரிகிறது. கிடைமட்டமாகச் செல்லும் வழி ‘அரசியின் அறை’யை அடைகிறது. இப்பெயர் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது. அங்கே அரசி எவரும் அடக்கம் செய்யப்பட்டதற்குச் சான்றில்லை. கூஃபுவின் அரசியருக்குத் தனிப் பிரமிடுகள் மூன்று கிழக்கே இருக்கின்றன. இந்த அறையின் கிழக்குச் சுவரில் ஏறத்தாழ 4.7 மீட்டர் உயரமுள்ள மாடம் உள்ளது. மன்னரின் சிலை அங்கே நிறுத்தப்பட்டிருக்கலாம் என்பது ஒரு கருத்து.

நேராக மேலேறும் வழி சட்டென்று விரிந்து ‘பெரிய நடைக்கூடம்’ ஆகிறது. நீளம் ஏறத்தாழ 47 மீட்டர், உயரம் 8.6 மீட்டர், கீழே 2 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட அகலம், கூரையருகே ஏறத்தாழ ஒரு மீட்டராகக் குறுகிவிடுகிறது. இருபுறத் திண்ணைகளிலும் சீரான இடைவெளியில் செவ்வகக் குழிகள் வெட்டப்பட்டுள்ளன. அடைப்புக்கான கிரானைட் கட்டைகள் இக்கூடத்தில் நிறுத்திவைக்கப்பட்டு, அடக்கம் முடிந்த பின் ஏறுவழியில் சரியவிடப்பட்டன என்ற விளக்கத்தைப் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கின்றனர். அப்படிச் சரியவிட்ட ஆட்கள் வெளியேறிய வழியாக, கூடத்தின் அடிப்பகுதியிலிருந்து இறங்குவழிக்குச் செல்லும் ஒடுங்கிய கிணற்றுத் துளை கருதப்படுகிறது.

கூடத்தின் உச்சியில், கல் கதவுகள் மேலிருந்து இறங்குவதற்கான பள்ளங்கள் கொண்ட சிறு முன்னறை. அதைக் கடந்தால் மன்னரின் அறை. 10 முழம் அகலம், 20 முழம் நீளம், அதாவது 5.2 மீட்டருக்கு 10.5 மீட்டர். தரை, சுவர், கூரை அனைத்தும் கிரானைட். கூரையில் ஒன்பது பெருங்கற்கள். அவற்றின் மொத்த எடை ஏறத்தாழ 400 டன். மேற்கு ஓரத்தில் மூடியற்ற ஒரு கிரானைட் பேழை கிடக்கிறது. அது ஏறுவழியின் அகலத்தைவிடச் சற்றுப் பெரிது. ஆகவே அறைக்குக் கூரை வேயும் முன்பே உள்ளே வைக்கப்பட்டிருக்க வேண்டும். சுவரில் ஓர் எழுத்தும் இல்லை.

இரண்டு அறைகளிலிருந்தும் வடக்கிலும் தெற்கிலும் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் அளவுள்ள சதுரத் துளைவழிகள் மேலேறுகின்றன. மன்னரின் அறைக்குரியவை பிரமிடின் வெளிமுகம் வரை செல்கின்றன. அரசியின் அறைக்குரியவை அப்படியல்ல. அவற்றின் வாய்கள் 1872 வரை சுவருக்குள் மறைந்தே இருந்தன. 1993-இல் தெற்குத் துளைவழியில் ருடால்ஃப் கான்டென்பிரிங்க் செலுத்திய ரோபோ, ஏறத்தாழ 60 மீட்டருக்கு அப்பால், இரண்டு செப்பு ஊசிகள் பொருத்திய ஒரு கற்பலகை வழியை அடைத்திருப்பதைப் படம்பிடித்தது. 2002-இல் அந்தப் பலகை துளைக்கப்பட்டபோது பின்னால் சிறு இடைவெளியும் இன்னொரு கல்லும் தெரிந்தன. ‘கதவு’ என்று பெரிதாகப் பேசப்பட்ட ஒன்றின் பின்னால் புதையல் இல்லை. 2011-இல் வெளியான அடுத்த ரோபோவின் படங்களில் செம்மண் நிறத்தில் வேலையாட்கள் இட்ட சில குறிகள் காணப்பட்டன. அவ்வளவே.

எடையைத் திருப்பிவிடும் மூன்று உத்திகள்

கல் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், வளைவைத் தாங்காது. ஒரு வெற்றிடத்தின் மேல் நேர்க்கிடையாகப் போட்ட கல், மேலிருந்து எடை ஏறினால் அடிப்பக்கத்தில் இழுபட்டு விரிசல் விடும். இதைத் தவிர்க்கக் கூஃபுவின் கட்டடக் கலைஞர்கள் மூன்று வழிகளைக் கையாண்டனர்.

1. பிதுக்க அடுக்கு. இரு பக்கச் சுவர்களிலும் ஒவ்வொரு வரிசைக் கல்லும் கீழ்வரிசையைவிடச் சற்று உள்நோக்கி நீண்டிருக்கும். பெரிய நடைக்கூடத்தில் இப்படி ஏழு வரிசைகள் உள்ளன. ஸ்னெஃபெருவின் பிரமிடுகளில் தேறிய உத்தி இது.

2. சாய்வு இணைக்கற்கள். ஓட்டு வீட்டின் கூரை போல இரண்டு பெருங்கற்கள் ஒன்றோடொன்று சாய்ந்து நிற்கும். எடை நடுவில் இறங்காமல் இருபுறமும் பிரிந்து செல்லும். அரசியின் அறைக் கூரையும் மூல வாயிலின் மேல் இன்றும் வெளியே தெரியும் பெருங்கற்களும் இவ்வகையின.

3. அடுக்கு வெற்றறைகள். மன்னரின் அறைக்கு மேலே ஐந்து தாழ்ந்த அறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளன. கீழறையை 1765-இல் நதானியேல் டேவிசன் அடைந்தார். மற்ற நான்கையும் 1837-இல் ஹோவர்ட் வைஸ் வெடிமருந்து வைத்துத் தகர்த்து எட்டினார். மேலறையின் கூரை மட்டும் சாய்வு இணைக்கற்களால் ஆனது. வேலைக் குழுக்கள் சிவப்பு வண்ணத்தில் எழுதிய பெயர்கள் இங்கே காணப்படுகின்றன. அவற்றுள் கூஃபுவின் பெயரும் உண்டு. எவரும் பார்க்க வேண்டாத இடத்தில் எழுதப்பட்ட இந்தக் குறிகளே பிரமிடைக் கூஃபுவோடு இணைக்கும் உள்சான்று.

மூன்றாவது உத்தி எந்த அளவுக்குத் தேவையானது என்பது விவாதத்துக்கு உரியது. உச்சியில் உள்ள சாய்வுக் கூரைதான் உண்மையில் எடையைப் பிரிக்கிறது. அதற்குக் கீழே நான்கு தட்டைத் தளங்கள் எதற்கு? சாய்வுக் கற்கள் பக்கவாட்டில் தள்ளும் விசை, அருகிலேயே முடியும் பெரிய நடைக்கூடத்தைத் தாக்காதபடி அந்தக் கூரையை உயரே தூக்கிவைக்கவே இந்த அடுக்குகள் எழுப்பப்பட்டன என்னும் விளக்கம் எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. இத்தனைக்குப் பிறகும் மன்னரின் அறைக் கூரைக் கற்கள் தெற்கு ஓரத்தில் விரிசல் விட்டிருக்கின்றன.

இங்கே கவனிக்க வேண்டியது இதுதான்: பிரமிடில் அடைபட்டுக் கிடந்த மிகப் பெரிய வெற்றிடங்களாக இதற்குமுன் கண்டறியப்பட்டவை புதையலறைகள் அல்ல, கட்டடம் நிற்பதற்காக விடப்பட்ட இடைவெளிகள். 1986-இல் பிரெஞ்சுக் குழு ஒன்று, ஈர்ப்பு விசையில் தெரிந்த நுண்ணிய வேறுபாடுகளை நம்பி, அரசியின் அறைக்குச் செல்லும் வழியின் சுவரில் துளையிட்டது. உள்ளே இருந்தது மணல்.

மியூவான் காட்டுவதும் காட்டாததும்

விண்வெளியிலிருந்து வரும் அண்டக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதும்போது மியூவான் என்னும் துகள்கள் தோன்றுகின்றன. கடல்மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மியூவான் வந்து விழுகிறது. கல்லுக்குள் செல்லும்போது அவை ஆற்றலை இழந்து சிறிது சிறிதாகக் குறைகின்றன. கல் தடித்திருக்கும் திசையில் குறைவாகவும், இடையே வெற்றிடம் இருக்கும் திசையில் கூடுதலாகவும் வந்து சேர்கின்றன. உணரிகளைப் பிரமிடுக்குள் மாதக்கணக்கில் வைத்து எந்தத் திசையில் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலான துகள்கள் வருகின்றன என்று எண்ணினால், வெற்றிடத்தின் இருப்பிடம் தெரிந்துவிடும்.

இதை முதலில் செய்தவர் அமெரிக்க இயற்பியலாளர் லூயிஸ் ஆல்வரெஸ். காஃப்ரேவின் பிரமிடில் அவர் நடத்திய ஆய்வு 1970-இல் வெளியானது; பார்த்த பகுதியில் மறைந்த அறை எதுவும் இல்லை என்பதே முடிவு. அந்த முடிவு பலரை ஏமாற்றியிருக்கலாம். ஆனால் முறை நம்பத்தக்கது என்பதை அதுவே நிறுவியது.

2015-இல் கெய்ரோ பல்கலைக்கழகமும் பிரான்சின் எச்.ஐ.பி. நிறுவனமும் ஸ்கேன்பிரமிட்ஸ் திட்டத்தைத் தொடங்கின. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகம் ஒளிப்படத் தகடு போன்ற நுண்படலங்களையும், கே.இ.கே. ஆய்வகம் மின்னொளிர் உணரிகளையும், பிரான்சின் சி.இ.ஏ. நிறுவனம் வாயு உணரிகளையும் பயன்படுத்தின. மூன்றும் தனித்தனியாகப் பெரிய நடைக்கூடத்துக்கு மேலே ஒரே இடத்தைச் சுட்டின. வெற்றிடம் இருக்கிறது என்பதில் ஐயத்துக்கு இடம் குறைவு என்பதற்குக் காரணம் இதுவே.

ஆனால் இம்முறை சொல்லாதவை பல. வெற்றிடத்தின் சுவர் மெருகேற்றப்பட்டதா, கரடுமுரடானதா என்று சொல்லாது. ஒரே பெரிய இடைவெளியா, அடுத்தடுத்த சிறு இடைவெளிகளா என்பதைத் தெளிவாகப் பிரித்துக்காட்டாது. 2017 அறிவிப்பில் அது கிடையாக உள்ளதா சாய்வாக உள்ளதா என்பதுகூட உறுதியாகவில்லை. ‘அறை’ என்னும் சொல்லை ஆய்வாளர்கள் தவிர்த்து ‘வெற்றிடம்’ என்று எழுதியது அடக்கத்தால் மட்டும் அன்று.

வடக்கு முகத்து நடைவழி இதற்கு மாறானது. அது வெளிப்பரப்புக்கு அருகே இருந்ததால், கற்களின் இணைப்பு வழியாக மெல்லிய உள்நோக்குக் கருவியைச் செலுத்திப் பார்க்க முடிந்தது. 9 மீட்டர் நீளமும் 2 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட அகலமும் கொண்ட, சாய்வு இணைக்கற்களால் கூரையிடப்பட்ட வெறும் வழி அது. மேலே சொன்ன இரண்டாவது உத்தி அச்சாக அங்கே தெரிகிறது. கீழேயுள்ள வாயிலின் மேல் இறங்கும் எடையைப் பிரிக்க அமைத்திருக்கலாம், அல்லது இன்னும் அறியப்படாத வேறோர் இடத்தைக் காப்பதற்காக இருக்கலாம் என்று எகிப்தின் தொல்பொருள் அதிகாரிகள் அப்போது கூறினர். முதல் விளக்கம் கட்டடத்தின் பிற பகுதிகளோடு பொருந்துகிறது. இரண்டாவதற்கு இதுவரை அடிப்படை இல்லை.

பெரிய வெற்றிடத்துக்கு என்ன விளக்கம்?

மூன்று வகை விளக்கங்கள் முன்வைக்கப்படுகின்றன. அது இன்னொரு நடைக்கூடம் அல்லது அறை என்பது ஒன்று. பெரிய நடைக்கூடத்தின் கூரையைக் காப்பதற்கான இடைவெளி என்பது இன்னொன்று. மன்னரின் அறைக்கான பெருங்கற்களை ஏற்றுவதற்காகக் கட்டுமானத்தின்போது திறந்துவிடப்பட்டு, பின்னர் முழுமையாக நிரப்பப்படாமல் விட்ட சாய்தளம் என்பது மூன்றாவது.

பிதுக்க அடுக்குக் கூரை தானே எடையைப் பிரிக்கக் கூடியது; அதற்கு மேல் 30 மீட்டர் நீளத்துக்குக் காப்பிடம் தேவைப்பட்டிருக்காது என்பது இரண்டாவது விளக்கத்துக்கு எதிரான வலுவான வாதம். முதல் விளக்கத்துக்கு எதிராக, அந்த இடத்துக்குச் செல்லும் வழி எதுவும் தெரியவில்லை என்பதைச் சொல்லலாம். மூன்றாவது விளக்கம் பல டன் எடையுள்ள கிரானைட் உத்திரங்களை அத்தனை உயரத்துக்கு எப்படி ஏற்றினார்கள் என்னும் பழைய கேள்விக்கும் ஒருசேர விடை தருவதால், மற்றவற்றைவிட வலுவானதாக எனக்குப் படுகிறது. ஆயினும் நேரில் பார்க்கும் வரை இது ஊகமே.

600 மீட்டர் ஆழக் கதை

2025-இன் கூற்று, செயற்கைக்கோள் ரேடார் தரவுகளைக் கணினியில் பகுத்துப் பெற்றதாகச் சொல்லப்பட்ட படங்களை அடிப்படையாகக் கொண்டது. சக ஆய்வாளர் மதிப்பீட்டுக்கு உட்படாமலே அது செய்தியாளர்கள் முன் வைக்கப்பட்டது. அதை ஏற்க முடியாமைக்கு இரண்டு காரணங்கள் போதும்.

1. ரேடார் அலைகள் வறண்ட மணலில் சில மீட்டர் ஊடுருவலாம். நூற்றுக்கணக்கான மீட்டர் பாறையை ஊடுருவித் திரும்பும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை.
2. கிசாவில் நிலத்தடி நீர் ஆழத்தில் இல்லை. காஃப்ரேவின் நெடும்பாதைக்கு அடியில் ‘ஓசிரிஸ் தண்டு’ எனப்படும் பழைய குழி ஒன்று உள்ளது. ஏறத்தாழ 30 மீட்டர் ஆழத்திலேயே அதன் கீழ்த்தளத்தில் நீர் நிற்கிறது. அதை இறைத்த பிறகே தொல்லியலாளர்கள் அங்கே வேலை செய்ய முடிந்தது.

காஃப்ரேவின் பிரமிடின் உட்புறமோ மிக எளியது. 1818-இல் ஜொவானி பெல்சோனி நுழைந்த அந்தப் பிரமிடில் இரண்டு வாயில்களும் அடித்தளப் பாறையில் வெட்டிச் சாய்வுக் கூரை வேய்ந்த ஓர் அறையுமே முக்கியமானவை. கூஃபுவின் கட்டடத்தில் செய்த சிக்கலான சோதனைகளை மகன் தொடரவில்லை. அறையை மறுபடியும் பாறைக்கே இறக்கிவிட்டார்.

உண்மையில் தொலைந்தவை எங்கே?

பிரமிடுக்குள் எழுத்து தோன்றுவது கூஃபுவுக்கு இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பிறகு. ஐந்தாம் வம்சத்தின் இறுதி மன்னர் உனாஸ், சக்காராவில் தமக்கு எழுப்பிய சிறிய பிரமிடின் அறைச் சுவர்களில், இறந்த மன்னர் வானேறுவதற்கான மந்திரங்களை நீல வண்ணம் தீட்டிய எழுத்துகளில் செதுக்கச் செய்தார். 1881-இல் கஸ்தோன் மஸ்பெரோ கண்ட இவற்றைப் பிரமிடு உரைகள் என்கிறோம். உனாஸின் நெடும்பாதை ஏறத்தாழ 700 மீட்டர் நீளம் கொண்டது. அஸ்வானிலிருந்து கிரானைட் தூண்களைப் படகில் ஏற்றி வரும் காட்சி அதன் சுவரிலேயே செதுக்கப்பட்டுள்ளது.

கோயில்களில் நடந்த அன்றாட வேலைகளை அபுசிரில் கிடைத்த பாப்பிரஸ் ஏடுகள் காட்டுகின்றன. மன்னர் நெஃபெரிர்காரேவின் ஈமக் கோயிலைச் சேர்ந்த அந்தக் கணக்கேடுகளில், பூசகர்களும் பணியாட்களும் ஐந்து குழுக்களாகப் பிரிந்து முறைவைத்துப் பணியாற்றியதும், வந்த ரொட்டியும் துணியும் இறைச்சியும் எண்ணிக் குறிக்கப்பட்டதும், உடைந்த பாத்திரங்கள்கூடப் பட்டியலில் ஏறியதும் பதிவாகியுள்ளன. இறந்த மன்னர் ஒருவருக்குப் பின்னாலும் தலைமுறைகளாக உணவையும் ஆட்களையும் திரட்டிக்கொண்டிருந்த நிறுவனம் அந்தத் தொகுதி. கூஃபுவின் கோயில்களும் அவ்வாறே இயங்கியிருக்க வேண்டும்.

கூஃபுவின் தொகுதியில் இரண்டு படகுகள் தப்பின. 1954-இல் கமால் எல்-மல்லாஹ் பிரமிடின் தெற்கே மூடிய குழிகளைக் கண்டறிந்தார். ஒன்றில் 1,224 துண்டுகளாகப் பிரித்து அடுக்கப்பட்டிருந்த 43 மீட்டர் நீளமுள்ள மரப்படகை அகமது யூசுஃப் முஸ்தஃபா பல ஆண்டுகள் உழைத்து மீண்டும் பொருத்தினார். 2021-இல் அது கிசாவின் பெரிய எகிப்திய அருங்காட்சியகத்துக்கு மாற்றப்பட்டது. கோயில்களுக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. பிரமிடின் உள்ளறைகளைக் குடைந்தவர்கள் ஒரு பேழையைத்தான் விட்டுச்சென்றார்கள் என்றால், வெளியே இருந்த கோயில்களை வேறொரு மன்னரே பெயர்த்துக்கொண்டார். கூஃபுவுக்கு அறுநூறு ஆண்டுகளுக்குப் பின் ஆண்ட முதலாம் அமெனெம்ஹாத், தெற்கே லிஷ்ட் என்னும் இடத்தில் தம் பிரமிடை எழுப்பியபோது, பழைய வம்சத்துக் கோயில்களின் செதுக்கிய கற்களை அதன் உட்பகுதியில் இட்டு நிரப்பினார். கூஃபுவின் பெயர் பொறித்த சிற்பக் கற்கள் அங்கிருந்து மீட்கப்பட்டன. கூஃபுவின் தொகுதியில் என்னென்ன காட்சிகள் செதுக்கப்பட்டிருந்தன என்பதற்குக் கிடைக்கும் சான்றுகளில் ஒரு முக்கியப் பகுதி இன்னொருவர் பிரமிடின் நிரப்புக் கல்லாகக் கிடந்ததுதான். கிசாவில் நெடும்பாதை தொடங்கிய இடமோ இன்றும் வீடுகளுக்கு அடியில், பெரும்பகுதி தோண்டப்படாமல் இருக்கிறது.